கைத்தொலைபேசியும் கரும்பலகையும்

காணியை விட்டு வந்தோம். கிணற்றையும் பட்டியையும் விட்டு வந்தோம். எடுத்து வந்த சிறு மூட்டைக்குள் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இருந்தன. இடம்பெயர்ந்த நமது விவசாயக் குடும்பங்கள் கல்விக்கு என்ன மதிப்புக் கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்தக் கல்வியில் ஒரு பகுதி இன்று கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. இதை வரவேற்பதா, அஞ்சுவதா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அந்தக் கருவியை யார், எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதிலேயே விடை தங்கியிருக்கிறது என்பது எனது கருத்து.

குறைந்த வசதியோடு படிப்பது நமக்குப் புதிதல்ல. 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடை செய்யப்பட்டிருந்தன. நம்மவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கைதடிப் பக்கமாக நடந்த பின்னர், தென்மராட்சியின் மர நிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. அன்று கருவி இல்லை. ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்தார், கூடப் படிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு கற்பிக்கும் கற்பனை வளமும் இருந்தது.

கொரோனாக் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்து மூடி, 2021 ஒக்ரோபர் 21 ஆம் திகதியே சிறிய ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறக்கப்பட்டன. அந்தக் காலம் முழுவதும் வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைத்தொலைபேசி. அதையும் தகப்பன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். ஆசிரியர் குறிப்பைப் படம் பிடித்து அனுப்புவார். பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதும். எழுதியதைத் திரும்பப் படம் பிடித்து அனுப்பும். குறிப்பு போய்ச் சேர்ந்தது, விளக்கம் போய்ச் சேரவில்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது அதுவும் தடைப்பட்டது.

இதில் ஒரு நீதிக் கேள்வியும் உண்டு. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பாடம் இணையத்துக்குப் போனவுடன் கதிரை, மேசை, கரும்பலகை எல்லாவற்றினதும் செலவு பெற்றோரின் தலையில் ஏறியது. கருவியும் டேற்றாவும் வாங்க முடிந்தவரின் பிள்ளை படித்தது. வாங்க முடியாதவரின் பிள்ளை பின்தங்கியது. இலவசக் கல்வி என்பது இதுவா? இந்த அனுபவத்தை மறந்துவிட்டு, இணையவழிக் கல்வியே இனி எல்லாவற்றுக்கும் மருந்து என்று பேசுவோரை நாம் ஏற்க முடியாது.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிவதும் அறிவன்று. கொலம்பியா நாட்டில் சுத்தத்தென்சா என்ற மலைக் கிராமத்தில், 1947 இல் ஹோசே ஹோவாகின் சல்செதோ என்னும் இளங்குரு சிறியதொரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்கு எழுத்தும் கணக்கும் பயிர்ச்செய்கையும் வானொலியில் கற்பிக்கப்பட்டன. அது நாடு முழுவதும் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. வானொலிப் பெட்டியைத் தனியே விடவில்லை. ஓரளவு படித்த அயலவர் ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தார். வானொலி சொல்வதைக் கேட்டு அவர் பலகையில் எழுதிக் காட்டுவார்; மற்றவர்களின் கையைப் பிடித்து எழுதுவிப்பார். கருவி பாடத்தைக் கொண்டுவந்தது, அயலவர் அதைக் கல்வியாக்கினார். நமக்கும் வழி இதுதான்.

இன்று இணையத்தில் தமிழில் நல்ல செல்வங்கள் இலவசமாகவே இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இறக்கி எடுக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் படியெடுத்து வைத்திருக்கிறது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு அதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் அடித்தளத்தை இட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன். இவற்றை ஒவ்வொரு வீடும் தனித்தனியே காசு கட்டி இறக்க வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தில் ஒருவர் ஒருமுறை இறக்கினால், மெமரி காட் மூலம் ஊருக்கே பகிர்ந்துவிடலாம்.

ஆனால் இறக்கி வைப்பதோடு காரியம் முடியாது. கற்பனை வளம் இங்கேதான் வேண்டும். சில வழிகளைச் சொல்கிறேன். வலிகாமம் வடக்கில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் தமது காணியைக் கண்டதில்லை. கூகிள் வரைபடத்தின் செய்மதிப் படத்தில் அந்த ஊரைத் தேடட்டும். தாத்தா சொல்லும் கோயிலையும் ஒழுங்கையையும் கொண்டு காணியைக் கண்டுபிடிக்கட்டும். அதன் நீள அகலத்தை அளந்து சதுர மீற்றரில் பரப்பளவு காணட்டும். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். உறுதியில் உள்ள அளவோடு அதை ஒப்பிட்டால் கணிதம், புவியியல், வரலாறு மூன்றும் ஒரே பாடமாகிவிடும். தன் உரிமை எது என்பதையும் பிள்ளை அறிந்துகொள்ளும்.

இன்னொன்று: கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்று நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்கட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் மழைவீழ்ச்சியோடு சேர்த்து வரைபு கீறட்டும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரை நம்பியே நமது தோட்டங்கள் வாழ்கின்றன என்ற விஞ்ஞானம் அதில் தானாக விளங்கும். துலாவில் இறைத்த முறையையும், விதை வெங்காயம் கட்டித் தூக்கிய பக்குவத்தையும் முதியவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்யட்டும். எழுத்தறியாத பாட்டியும் அன்று ஆசிரியராவார்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. விளையாட்டிலும் வீண் காணொளியிலும் இரவு கழிகிறது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அதைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கலாம், அறிவு கிடைக்காது. ஆனால் தன் வீட்டுக் கிணற்றின் ஆழத்தை எந்தச் செயலியும் சொல்லித் தராது. பிள்ளை தானே போய் அளக்க வேண்டும். அப்படியான வேலையைக் கொடுப்பதே சிறந்த காவல்.

கோப்பாய்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. நாளைய ஆசிரியர்கள் இங்கே உருவாகிறார்கள். அவர்கள் பயிற்சிக் காலத்தில் கிழமைக்கு ஒரு மாலை இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு இருந்தால், சுத்தத்தென்சாவின் அயலவர் நமக்கும் கிடைப்பார். பெற்றோரே, நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். ஐந்து வீடுகள் சேருங்கள். ஒரு கைத்தொலைபேசியையும் ஒரு கரும்பலகையையும் ஒரு திண்ணையையும் ஒதுக்குங்கள். இரவு ஏழு முதல் எட்டரை வரை பிள்ளைகள் ஒன்றாக இருந்து படிக்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பாடம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. "இண்டைக்கு என்ன படிச்சனீ? எனக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கச் சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கு அது உண்மையில் விளங்கும்.