புயலை நேரிற் காணும் தொண்டர்கள்: நாம் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாட்டைத் தாக்கிய ‘டித்வா’ சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளினால் குடும்பம் குடும்பமாக மக்கள் புதையுண்டனர். எச்சரிக்கைகள் உரிய வேளையில் விடுக்கப்பட்டனவா, விடுக்கப்பட்டவை தமிழிலும் கிடைத்தனவா என்ற கேள்விகள் அப்போது பலமாக எழுப்பப்பட்டன. அவை நியாயமான கேள்விகளே. ஆயினும் அந்த விவாதத்தின் போது அதிகம் பேசப்படாத மற்றொரு விடயத்தையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம். எச்சரிக்கை என்பது கொழும்பிலிருந்து கிராமத்துக்குச் செல்வது. கிராமத்தில் அந்த நேரத்தில் என்ன நடக்கின்றது என்பதைக் கொழும்புக்குச் சொல்வது யார் என்பதே அந்த விடயமாகும்.

செய்மதி மேலிருந்து முகிலைக் காண்கின்றது. ராடர் மழைத்துளிகளைக் காண்கின்றது. எனினும் ராடரின் பார்வைக்கும் ஒரு வரையறை உண்டு. பூமி வளைந்திருப்பதனாலும் ராடர் அலைகள் சற்று மேல்நோக்கியே செலுத்தப்படுவதனாலும் 100 கிலோமீற்றர் தொலைவில் அந்த அலைகள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்திலேயே செல்கின்றன. அதற்குக் கீழே கூரை பறப்பதையோ, வாய்க்கால் உடைப்பெடுப்பதையோ எந்த ராடரும் காண்பதில்லை. இந்த இடைவெளியை மனிதக் கண்களைக் கொண்டு நிரப்புவதற்கென உருவானவர்களே புயல் அவதானிப்புத் தொண்டர்கள்.

இவ்வேற்பாட்டை மிகப் பெரிய அளவில் நடத்தி வரும் நாடு அமெரிக்காவாகும். இரண்டாம் உலகப் போரின் போது வெடிபொருள் தொழிற்சாலைகளை மின்னலிலிருந்தும் புயலிலிருந்தும் பாதுகாப்பதற்காக அங்கு அவதானிப்பாளர்கள் நிறுத்தப்பட்டனர். பின்னர் 1965 ஏப்ரல் 11 ஆம் திகதி, குருத்தோலை ஞாயிறன்று, மத்திய மேற்கு மாநிலங்களைத் தொடர்ச்சியாகத் தாக்கிய சுழற்காற்றுகளில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானிலை நிலையங்கள் எச்சரிக்கை விடுத்திருந்தும் அது பலரைச் சென்றடையவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அதன் விளைவாக வலுப்பெற்ற தொண்டர் அமைப்பே ‘ஸ்கைவார்ன்’ என்பதாகும். இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றவர்களாக உள்ளனர் என அந்நாட்டுத் தேசிய வானிலைச் சேவை கூறுகின்றது.

இதில் இணைவதற்குப் பட்டம் தேவையில்லை, கருவிகளும் தேவையில்லை. உள்ளூர் வானிலை அலுவலகம் இலவசமாக நடத்தும் சுமார் இரண்டு மணிநேர வகுப்பொன்றில் கலந்து கொண்டாற் போதுமானது. தபாற்காரர், ஆசிரியர், விவசாயி, லொறிச் சாரதி என எவரும் அங்கு அமரலாம். இடிமுகில் எவ்வாறு உருவாகி வளர்ந்து அடங்குகின்றது, அதன் எப்பகுதியில் ஆபத்து மறைந்துள்ளது, கண்டதை எவ்வாறு அறிவிப்பது என்பனவே பாடங்கள். இவற்றுள் மூன்றாவது பாடமே முக்கியமானது என நாம் கருதுகின்றோம். ஏனெனில் “இங்கே பயங்கரக் காற்று” என்ற தகவலினால் வானிலை அதிகாரிக்கு யாதொரு பயனும் இல்லை. “மாலை 4.20 மணி, இன்ன சந்திக்கு வடக்கே, வேரோடு இரண்டு மரங்கள் சாய்ந்துள்ளன, காற்று மேற்கிலிருந்து வீசுகின்றது” என்று கூறினால் அவர் அதை வரைபடத்தில் குறிக்கலாம். சிறு கிளைகள் முறிந்தால் காற்று மணிக்கு 60 முதல் 75 கிலோமீற்றர் வரை வீசுகின்றது எனவும், மரங்கள் வேரோடு சாய்ந்தால் 90 கிலோமீற்றரை அண்மித்துவிட்டது எனவும் கணிக்கலாம். கையில் கருவி இல்லாதவருக்கு மரமே கருவி. ஆலங்கட்டி விழுந்தால் அதன் அளவைத் தெரிந்த நாணயமொன்றுடன் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். தான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்துக் கூறுவதே இப்பயிற்சியின் சாரம். (செய்தித்துறையில் இருப்போருக்கும் இந்த வகுப்பு பயன்படக்கூடும்.)

அவதானிப்பாளரையும் புயலைத் துரத்திச் செல்வோரையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. 2013 மே 31 ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் எல் றினோவில் நான்கு கிலோமீற்றருக்கும் அதிகமான அகலம் கொண்ட சுழற்காற்று, அனுபவம் மிக்க ஆய்வாளர் ரிம் சமராஸையும் அவருடன் சென்ற இருவரையும் பலிகொண்டது. தொண்டருக்குச் சொல்லப்படுவது இதற்கு நேர்மாறானது. உமது வீட்டு வாசலிலிருந்தோ தொழில் புரியும் இடத்திலிருந்தோ பாரும், புயலைத் தேடிப் போகாதீர், இடி கேட்டால் உள்ளே செல்லும், கடைசி இடி முழக்கத்தின் பின்னர் 30 நிமிடங்கள் கழியும்வரை வெளியே வராதீர் என்பதே அது. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் வயலில் நின்றோர் மின்னல் தாக்கி மாண்ட செய்திகளை ஆண்டுதோறும் பிரசுரிக்கும் எமக்கு இவ்விதியின் பெறுமதி தெரியும்.

அமெரிக்காவின் உதாரணம் எமக்குத் தூரமானது என எவரேனும் கூறலாம். அவ்வாறாயின் வங்காள விரிகுடாவின் மறுகரையைப் பார்ப்போம். 1970 நவம்பர் 12 இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பங்களாதேஷைத் தாக்கிய போலா சூறாவளியில் மூன்று முதல் ஐந்து இலட்சம் வரையானோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. சுதந்திரம் பெற்ற புதிய நாடு 1972 இலேயே செம்பிறைச் சங்கத்துடன் இணைந்து சூறாவளித் தயார்நிலைத் திட்டத்தை ஆரம்பித்தது. கரையோரக் கிராமங்களில் சாதாரண மக்களே அதன் தொண்டர்கள். ஒலிபெருக்கி, கைச் சைரன், கொடி ஆகியனவே அவர்களது ஆயுதங்கள். ஒரு கொடி ஏறினால் கவனம், மூன்று கொடி ஏறினால் உடனே வெளியேற வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத மீனவருக்கும் விளங்கும் மொழி இது. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் இப்பணியில் பயன்படுத்தப்படுகின்றன.

1991 ஏப்ரலில் வீசிய சூறாவளியில் சுமார் 138,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களே அதிகம். வீட்டு ஆண்கள் இல்லாத வேளையில் வெளியேறத் தயங்கியமையும், நெரிசல் மிக்க புகலிடங்களில் தமக்கென ஒதுக்கிடம் இல்லாமையும், எச்சரிக்கை சந்தைகளிலும் தெருக்களிலும் ஆண்களிடையே மட்டுமே பரவியமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இன்று அத்திட்டத்திலுள்ள 76,000 அளவிலான தொண்டர்களுள் அரைவாசியினர் பெண்கள். 2007 நவம்பரில் வீசிய சிட்ர் சூறாவளியில் உயிரிழப்பு சுமார் 3,400 ஆகக் குறைந்திருந்தது. புகலிடங்களும் அணைக்கட்டுகளும் இதற்குப் பெரிதும் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புகலிடத்தின் கதவு வரை மக்களை அழைத்துச் சென்றவர்கள் அயலவர்களான தொண்டர்களே. எமது கரையோரத் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் பகல்வேளையில் வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் பெண்களே என்பதால் இந்த அனுபவம் எமக்கு மிக நெருக்கமானது.

எமது கரையும் புயலை அறியாததன்று. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலை, வவுனியா, மன்னார் பகுதிகளின் ஊடாகவே சென்றது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஆயிரம் பேரளவில் பலிகொண்டு, தென்னந்தோட்டங்களை மொட்டையாக்கிச் சென்றது. அந்த இரவைக் கண்டவர்கள் கல்முனையிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் இன்றும் இருக்கின்றனர். 2011 நவம்பரிலும் 2013 ஜூனிலும் திடீரென வீசிய கடுங்காற்றில் தெற்கு, மேற்குக் கடல்களில் மீனவர் பலர் மாண்ட போது எச்சரிக்கை கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டே மேலோங்கியிருந்தது. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரெவி, மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டால் இழப்பைக் குறைக்க முடியும் என்பதைக் காட்டியது.

வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயர்சொல்லி அழைக்கும் சமூகத்துக்கு அவதானிப்பு என்பது புதிய கலையல்ல. அந்த அறிவு கரையிலேயே தங்கிவிடுகின்றது என்பதே குறை. அதிகாலையில் கடலின் மாற்றத்தைக் கண்டு வள்ளத்தை இறக்காது திரும்பும் முதிய மீனவர் அதை அயலவருக்குச் சொல்வார். வளிமண்டலவியல் திணைக்களத்துக்குச் சொல்வதற்கு அவருக்கு வழியில்லை, சொன்னாலும் கேட்பார்களா என்ற ஐயமும் உண்டு.

மலையகத்தின் நிலை வேறு. அங்கு ஆபத்து காற்றில் அல்ல, மழையிலேயே உள்ளது. மழையோ மலைக்கு மலை வேறுபடுகின்றது. இதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போர்ட் கொலின்ஸ் நகரம் ஒரு பாடம். 1997 ஜூலை 28 இல் முடிந்த பெருமழையில் நகரின் ஒரு புறத்தில் 14 அங்குலத்துக்கும் மேலாக மழை பெய்தது. சில மைல் தொலைவில் 2 அங்குலம் கூடப் பெய்யவில்லை. ஐவர் மாண்டனர். நகரின் எப்பகுதியில் எவ்வளவு பெய்தது என்பது அதிகாரிகளுக்கு உடனடியாகத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே, வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து நாள்தோறும் அளந்தனுப்பும் தொண்டர் வலையமைப்பு அம்மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்டு இன்று நாடெங்கும் பரவியுள்ளது.

எமது நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கான மழையளவுகளை ஏற்கெனவே வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் தயார்நிலை, 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற்றம் என்பதே அந்த அளவுகள். சில கிராமங்களுக்கு எளிய மழைமானிகளையும் அந்நிறுவனம் வழங்கியுள்ளது. ஆனால் தோட்டத்து லயன் வரிசையொன்றில் நள்ளிரவில் அந்த மானியைப் பார்ப்பவர் யார்? 150 ஐக் கடந்துவிட்டது என அவர் கூறினால் தோட்ட நிர்வாகமோ கிராம உத்தியோகத்தரோ வந்து உறுதிப்படுத்தும்வரை மக்கள் காத்திருக்க வேண்டுமா? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியபெத்த தோட்டம் மண்ணுள் புதைந்த பின்னரும் இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. வெளியேறிச் செல்ல இடமற்ற மக்களுக்கு மழைமானி மட்டும் போதாது என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. காணியுரிமை பற்றிய அந்தப் பெரிய விவகாரம் தனியாக எழுதப்பட வேண்டியது.

இங்கு எமது பத்திரிகைத் துறையின் குறையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கு கூரை பறந்தாலும் ‘மினி சூறாவளி’ எனத் தலைப்பிட்டுவிடுகின்றோம். இடிமுகிலிலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து தரையில் பரவும் காற்றும், சுழன்று வரும் காற்றும் வெவ்வேறானவை. முதலாவதில் மரங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக, அல்லது ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடக்கும். இரண்டாவதில் அவை ஒடுங்கிய பாதையொன்றில் ஒன்றையொன்று நோக்கிக் குறுக்கு மறுக்காக வீழ்ந்திருக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் மறுநாட் காலையில் எடுக்கும் நான்கு புகைப்படங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடும். அவ்வாறான பதிவுகள் பல ஆண்டுகள் சேர்ந்தாலேயே எந்தப் பிரதேசம் எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று கூற முடியும்.

இவ்வேற்பாட்டுக்குப் பெரும் நிதி தேவைப்படாது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்ட அலுவலகங்கள் உள்ளன. 117 என்ற அவசர இலக்கமும் உள்ளது. தேவைப்படுவன மூன்றே. முதலாவது, தமிழில் நடத்தப்படும் பயிற்சியும் தமிழில் அச்சிட்ட கையேடும். இரண்டாவது, தமிழில் பேசும் தொண்டரின் அழைப்பைத் தமிழில் விளங்கிக் கொள்ளக்கூடிய ஒருவர் இரவு பகலாக மறுமுனையில் இருப்பது. எச்சரிக்கை தமிழில் வரவில்லை என்பது ஒரு பாதி அநீதி என்றால், தமிழில் சொல்லப்பட்ட அபாயம் மேலே செல்லாமற் போவது மறுபாதியாகும்.

மூன்றாவது நம்பிக்கை. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் தொலைத்தொடர்புக் கருவியொன்றை வைத்திருப்பதும் ஒளிப்படம் எடுப்பதும் சந்தேகத்துக்குரிய செயல்களாக இருந்தன. அந்த அச்சம் முதியோரிடம் இன்னமும் முற்றாக நீங்கவில்லை. பாலத்தடியில் நின்று நீர்மட்டத்தைக் குறிக்கும் இளைஞரை யாரும் விசாரணைக்கு அழைக்காதிருக்க, அவருக்குப் பிரதேச செயலாளர் வழங்கும் அடையாள அட்டை அவசியம். அதே அட்டை வதந்திக்கும் தடையாக அமையும். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பின்னர் கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடிய அன்று, யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் தவித்தவர்கள் பலர். ஊரறிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் “நான் கடலைப் பார்த்துக் கொண்டிருக்கின்றேன், அறிவித்தல் இன்னும் நீக்கப்படவில்லை, மேட்டிலேயே இருங்கள்” என்று கூறினால் அதற்கு ஒரு கனதி இருக்கும்.

அரசு ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பாடசாலைப் புவியியல் ஆசிரியர்கள், மீனவர் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், ஆலய பரிபாலன சபைகள், தோட்ட இளைஞர் கழகங்கள் என்பன ஒரு மழைமானியுடனும் ஒரு கொப்பியுடனும் ஆரம்பிக்கலாம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 மணிக்கே நாளாந்த மழையளவைக் கணக்கிடுவதால் அதே நேரத்தில் அளப்பது ஒப்பீட்டுக்கு உதவும். மானியைச் சுவரோரமாகவோ மரத்தடியிலோ வைக்கக் கூடாது. மழை பெய்யாத நாளில் பூச்சியம் என எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் மழை இல்லையா, பார்க்கவில்லையா என்பது பின்னர் எவருக்கும் தெரியாது. வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரான இடைக்கால மழை ஒக்டோபரில் ஆரம்பிக்கும் என்பதால், அதற்கு முன்பே இரண்டு மாதப் பதிவாவது கையில் இருப்பது நல்லது.