தட்டில் விழுந்த சில்லறை

2020 ஏப்ரல். ஒரு மாத அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி அடுக்கிவிட்டேன். வங்கிக் குமாஸ்தா, சம்பளம் நிற்கவில்லை. பால் பாக்கெட்டைக்கூடக் கழுவினேன். ஊரில் அம்மாவுக்கும் போனில் அதையே ஓதினேன்: "பதினஞ்சு நாளைக்கு மொத்தமா வாங்கி வச்சிக்கம்மா."

"கூலி வந்தாத்தானடா வாங்க? நாலு குடம் தண்ணியில குடிக்கிறதா, கத்திரிக்காயக் குளிப்பாட்டுறதா?" அப்புறம் சிரித்தாள். "கடக்காரரு காசக் கையில வாங்காம தட்டுல போடச் சொல்றாரு. எல்லாருக்கும் இப்ப அப்படித்தானாம். நமக்கென்ன, பழசுதான."

'சமூக இடைவெளி' என்று சுவரில் எழுதியவர்களுக்கு அந்தச் சொல்லின் வயசு தெரியாது. உடல் இடைவெளி என்றிருக்கலாம்.

நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றில்தான் பரவியது. பொருளைத் தொடுவதால் வரும் ஆபத்து குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே சொன்னது. கையைச் சோப்பால் கழுவினால், காயைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். பயப்பட வேண்டியது கூட்டத்துக்கு. சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்றார்கள்; 25ஆம் தேதி கடைகளில் ஜனம் முண்டியடித்தது. மே 5இல் கோயம்பேட்டை மூடினார்கள். பழி மூட்டை தூக்கியவன் தலையில். ரேஷனில் நாளும் நேரமும் போட்டு டோக்கன் தந்தார்களே, அது உருப்படியான காரியம்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கடைக்காரருக்கு முகக்கவசம் இல்லை. முன்னால் நின்ற ஊர்த்தெருக்காரரிடம் கையில் காசு வாங்கினார். நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். தட்டைக் காட்டினார்.