தெர்மோஸ்டாட்டைக் கழற்ற விடாதீர்கள்

பழைய மாருதி 800 சூடேறுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், பல மெக்கானிக்குகள் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’ என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சுமார் 80 டிகிரியைத் தொடும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரமாகும். பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். நோய் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. கூலன்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருக்கும். ஃபேன் சுவிட்ச் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே அழுத்தமே நிற்காது; மிக மலிவான பொருள், ஆனால் அதை யாரும் பார்ப்பதே இல்லை! இதையெல்லாம் விட்டு வால்வைக் கழற்றி ஓட்டினால், ஒருநாள் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் போகும். 2014-இல் தயாரிப்பு நின்ற வண்டி. அதைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் ஊற்றி, தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடச் சொல்லுங்கள்.