பல்சக்கரமும் பாதாளச் சாக்கடையும்

போன மாசம் எங்க வீட்டுத் திண்ணையில ஒரு கை முளைத்தது. பொறியியல் படிக்கிற அக்கா மகன் செய்த கை. ரெண்டு விரல், ஒரு சின்ன மோட்டார், நாலைந்து பல்சக்கரம். பாதாளச் சாக்கடையில் மனுசனுக்குப் பதிலா இறங்கணுமாம். பொத்தானை அழுத்தினால் தண்ணி பாட்டிலை இறுக்கிப் பிடிக்கிறது.

சூட்சுமம் எளிமையானதுதான். விரல்களின் அடியில் சம எண்ணிக்கைப் பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள் கோத்து நிற்கின்றன. ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும்; இரு விரலும் ஒரே அளவில் மூடும். மோட்டாருக்கு வேகம் உண்டு, பலம் இல்லை. அதனால் 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைத் தள்ளுகிறது. வேகம் மூன்றில் ஒன்றாகும்; முறுக்குவிசை, உராய்வு தின்றது போக, மூன்று மடங்குக்குக் கிட்ட வரும்.

"இன்னும் பிடி வேணும்னா வார்ம் கியர் போடலாம் மாமா" என்றான். திருகு மாதிரித் தண்டு 40 தடவை சுற்றினால்தான் 40 பல் சக்கரம் ஒரு சுற்று வரும். தண்டு சக்கரத்தைச் சுற்றும். மரையின் சாய்வு குறைவாயிருந்தால் சக்கரம் தண்டைச் சுற்றவே முடியாது. கரண்ட் போனாலும் பிடி விடாது. உத்தரவு மேலிருந்து கீழே மட்டும். நமக்குப் பழகிய ஏற்பாடுதான்.

எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். சாக்கடைக் குழிகளில் வருசக்கணக்காக இறங்கி ஏறியவர். தீபம் முடிந்த மறுநாள் ஊர் தூங்கும்போது கிரிவலப் பாதையில் குப்பை அள்ளுகிறவர்.

"அது சரி தம்பி, உள்ள பாட்டிலா நின்னுகினு இருக்கும்? செங்கல்லு, துணி, தேங்கா மட்டை, எல்லாத்துக்கும் மேல மண்ணு. இந்தப் பல்லுல மண்ணு பூந்தா இன்னா பண்ணுவ? துணி சிக்கினா நானு உட்டுட்டு மறுக்கா புடிப்பேன். இது உடுமா?"

பையன் அன்றைக்கே படத்தை மாற்றினான். பல்சக்கரங்கள் கிரீஸ் அடைத்த மூடிய பெட்டிக்குள், குழிக்கு மேலே. கீழே கம்பியும் விரலும் மட்டும். அளவுக்கு மீறி இழுபட்டால் வழுக்கி விடுகிற ஒரு கிளட்ச்.

இந்தக் கை முடியாத காரியமில்லை. 2018இல் கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் இளைஞர்கள் 'பாண்டிகூட்'டைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டார்கள். மலக்குழி தொட்டிகளுக்குச் சென்னை ஐஐடி 'ஹோமோசெப்' செய்திருக்கிறது. சட்டம் 1993இல் வந்தது, 2013இல் மறுபடி வந்தது. குழியில் செத்தால் 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவு நிற்கவில்லை.

ஏன்? நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன், எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். இயந்திரம் வாங்கக் கடன், ஜாமீன், காப்பீடு, தேய்மானம் எல்லாம் வேண்டும். மனுசக் கைக்கு ஒன்றும் வேண்டாம். சாதியே அதை மலிவாகக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. தேய்ந்தால் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

மாணவத் தோழர்களே, கை செய்யுங்கள். பல் எண்ணிக்கையைக் கணக்கிடுமுன் குழிக்குள் இறங்கியவர் எதிரே உட்காருங்கள். அவர் சொல்லும் திருத்தத்துக்குக் கூலி கொடுங்கள், படத்தில் பெயர் போடுங்கள். இயந்திரம் ஒப்பந்தக்காரர் பெயரில் வந்தால் அவருக்கு வேலையும் போகும். அவர் பெயரில் வரட்டும். பொத்தான் அவர் விரலில் இருக்கட்டும். அதற்கும் சேர்த்துப் போராடாத பொறியியல் வெறும் பாட்டில் பிடிக்கிற வித்தை.