எர்த் கம்பி அடித்தால் மட்டும் போதுமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி, தீபம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தோடு வண்டிகளும் வரும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி வைத்த ஜூஸ் வேன், டிபன் வேன், படுக்கை போட்ட கேரவன், சமையல் சாமானோடு டூரிஸ்ட் பஸ்... வேலூர் ரோட்டில் வேங்கிக்கால் பக்கம் ஓரம் கட்டியதும் முதல் வேலை, "அண்ணே, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?" என்று கேட்பதுதான். அவரும் பாவம் பார்த்துக் கொடுப்பார். ரெண்டு பின் பிளக், நீளமாக ஒரு ஒயர், நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட். முடிந்தது வேலை!

எர்த்? "லேசா சுர்ருங்கும், ஒண்ணும் ஆகாது" என்று பதில் வரும். இந்த "ஒண்ணும் ஆகாது"தான் பிரச்சனையே.

வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் உரசி பாடியைத் தொட்டால், கரண்ட் தரைக்குப் போக வழியில்லை. ஃபியூஸ் போகாது, லைட் அணையாது, வியாபாரமும் ஜோராக நடக்கும். மொத்த வண்டியும் 230 வோல்ட்டில் சும்மா நின்றுகொண்டிருக்கும். கிரிவலம் வருகிறவர் 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் நடக்கிறார். கார்த்திகை மழையில் ரோடும் ஈரம், காலும் ஈரம். டீ வாங்கக் கை நீட்டும்போது வண்டித் தகரத்தைத் தொடுகிறார். அந்த நிமிடம் அந்த வண்டிக்கு எர்த் கம்பியே அவர்தான்.

அடுத்த கோஷ்டி கொஞ்சம் விவரமானது. "நாங்க கம்பி அடிச்சிருக்கோம். பல்பு போட்டும் பார்த்தாச்சு, பளிச்சுனு எரியுது" என்பார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்க்கும் பழைய வித்தை இது.

இதில் எவ்வளவு பெரிய ஏமாற்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எரியும் 100 வாட் பல்பின் மின்தடை சுமார் 529 ஓம். மலையடிவாரத்துப் பாறை மண்ணில் ரெண்டடி ஆழம் அடித்த கம்பிக்கு 50 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பல்புக்கு ஏறக்குறைய 210 வோல்ட் கிடைத்துவிடும். பளிச்சென்றுதான் எரியும்! ஆனால் ஃபேஸ் நேராக பாடியைத் தொட்டால் 50 ஓம் வழியாக ஓடுவது 4.6 ஆம்பியர் மட்டுமே. அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. வண்டியின் பாடியில் வோல்டேஜ் அப்படியே இருக்கும். பல்பு எரிந்தால் கம்பி அறுந்துபோகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆள் பிழைப்பாரா என்பதற்கு அது பதில் இல்லை.

பதில் சொல்வது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். மேலே சொன்ன 4.6 ஆம்பியர் அதைப் போல 150 மடங்குக்கும் மேல். அதாவது சுமாரான எர்த்தைக் கூட உருப்படியான எர்த்தாக மாற்றுவது இந்தக் கருவிதான். எர்த் ஒயரும் கண்டிப்பாக வேண்டும். அது இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே ட்ரிப் ஆகும். இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் ஆகும்.

ஆனால் நம்ம ஊரில் நடப்பது என்ன? "அடிக்கடி ட்ரிப் ஆகுது, யாவாரம் கெடுது" என்று அதையே பைபாஸ் பண்ணிவிடுகிறார்கள். குழந்தை அழுகிறது என்று வாயைக் கட்டுவது மாதிரி!

ட்ரிப் ஆனால் காரணத்தைத் தேட வேண்டும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டால் கசிவது ஹீட்டரா, ஃப்ரிட்ஜா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதையும் போடாமலே ட்ரிப் ஆனால், பெரும்பாலும் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது வண்டிக்குள் ஜெனரேட்டருக்காகவோ இன்வெர்ட்டருக்காகவோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். "சுர்"ரென்று இருந்தால் எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் நீளமாக வைத்தது அழகுக்கு இல்லை. முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அதை வெட்டி எறிகிறவரை என்ன சொல்வது?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸே இருக்கும் ஊர். அங்கே ரோட்டோரத்தில் கரண்ட் எடுக்கும் வண்டிக்கு ஒரே ஒரு நிபந்தனை போதும்: ஆர்சிசிபி இல்லையா, பிளக் இல்லை. பாவம் பார்த்து பிளக் கொடுக்கும் அண்ணன்களும் இதைக் கேட்கலாம். வேன்காரர் மேல் காட்டும் இரக்கத்தில் பாதியையாவது வெறுங்காலில் வருகிறவர் மேலும் காட்டலாமே?

டிஸ்கி: ஆர்சிசிபி-யில் "T" என்று ஒரு பட்டன் இருக்கும். அது டெஸ்ட் பண்ணத்தான். இதைப் படித்ததும் போய் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லையென்றால் நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் :)