கன்று வீசிய பசுவும் கருக்கலைந்த பெண்ணும்

நமது நாட்டில் ஒரு குடியானவன் வீட்டுப் பசு அடுத்தடுத்து இரண்டு முறை கன்று வீசிவிட்டால் அவன் என்ன செய்கின்றான்? திருஷ்டி கழித்தாலும் கழிப்பான். ஆனால் கடைசியில் மாட்டு டாக்டரிடந்தான் ஓடுகின்றான். அவரும், இது புரூசெல்லா என்னும் கிருமியால் வரும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம் என்று ரத்தத்தைப் பரீட்சை செய்கின்றார். பசுவின் ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே வீட்டு மருமகளுக்கு இரண்டு முறை கருக்கலைந்து விட்டாலோ, நாக தோஷம், புத்திர தோஷம், பூர்வ ஜன்ம பாவம் என்று ஆரம்பித்து விடுகின்றார்கள். ஜோசியனுக்குத் தட்சணை, இராமேசுவரத்தில் நாகப் பிரதிஷ்டை, அடுத்த வீட்டு வளைகாப்பில் அவள் கை படக்கூடாதென்ற ஒதுக்கல்! பசுவுக்குள்ள நியாயங்கூடப் பெண்ணுக்கு இல்லையென்றால் நாம் மனிதர்கள்தானா என்று கேட்கின்றோம்.

கருவைக் காக்கும் அம்மன் என்று கொண்டாடப்படும் திருக்கருகாவூர் ஸ்தல புராணத்தையே பாருங்கள். கர்ப்பவதியான வேதிகை களைப்பினால் ஒரு ரிஷியை உடனே உபசரிக்க முடியாமற் போயிற்றாம், அவர் சபித்தாராம், கரு கலைந்ததாம். களைத்துக் கிடந்த கர்ப்பிணியைச் சபித்தவர் ரிஷி. தண்டனையோ அவள் வயிற்றுக்கு! இந்தப் புத்திதானே இன்றைக்கும் நம் வீடுகளில் குடியிருக்கின்றது?

நிற்க, உண்மை என்ன? உறுதியான நூறு கர்ப்பங்களில் சுமார் 15 கலைந்து போகின்றன. ராகு கேது பெயரே தெரியாத தேசங்களிலும் இதே கதைதான். முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கணக்குப் பிசகுவதாகும். தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, ஆக 46 சேர வேண்டிய இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ போனால் அந்தக் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. இதற்குக் குடம் தூக்கியதோ, பழுத்த பப்பாளி தின்றதோ, மாமியாரை எதிர்த்துப் பேசியதோ காரணமல்ல.

இரண்டு மூன்று முறை கலைவது தம்பதிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். அவர்களுக்குத் தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் உண்டு. ரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்பொருள் சிலருக்கு இருக்கும். அதற்குச் சிறு அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கின்றார்கள். சிலருக்குக் கருப்பையின் நடுவே தடுப்புச் சதை. சிலருக்குத் தைராய்டு, அடங்காத சர்க்கரை. சில தம்பதிகளில் புருஷனுடைய குரோமோசோமே இடம் மாறியிருக்கும். புருஷனைப் பரீட்சை செய்யாமல் பெண்ணை மாத்திரம் "ராசியில்லாதவள்" என்பது எந்த ஊர் நீதி? இதைச் சாக்கிட்டு வேறு பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள், முதல் மனைவி இருக்க மறுமணம் செய்வது 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டப்படி குற்றம் என்பதை ஞாபகத்தில் வைப்பார்களாக.

பரீட்சை செய்தும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் அகப்படுவதில்லை. ஜோசியன் நுழைவது இந்தச் சந்திலேதான். காரணம் தெரியவில்லை என்று வைத்தியர் ஒப்புக்கொள்வது யோக்கியம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்குவது மோசடி. காரணம் தெரியாத அந்தத் தம்பதிகளிலும் பெரும்பாலோருக்குப் பின்னால் குழந்தை பிறக்கின்றது. அப்படிப் பிறந்தவற்றுக்கெல்லாம் பரிகாரமே காரணமென்று புரோகிதன் பேர் வாங்கிக் கொள்கின்றான். பிறக்காவிட்டால் மாத்திரம் அவள் பாவம்! வைத்தியத்தின் பேராலும் மூடத்தனம் உண்டு. மாதக்கணக்காகப் படுக்க வைப்பதால் கரு நிலைக்குமென்பதற்கு ருசு இல்லை.

1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டமே, கருக்கலைந்த தொழிலாளிப் பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் லீவு கொடுக்கச் சொல்லிற்று. சட்டம் கொடுத்த ஆறு வாரத்தை நம் வீடுகள் ஆறு நாளாவது கொடுக்கின்றனவா? அவள் இழந்தது அவள் எதிர்பார்த்திருந்த குழந்தையை. அழ வேண்டியவளைக் குற்றவாளியாக்கி நிறுத்துவதைவிடக் கொடுமை என்ன இருக்கின்றது?

ஆகவே தோழர்களே! பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தைப் பரீட்சைக்குச் செலவிடுங்கள். தம்பதிகள் இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த வளைகாப்பில் அந்தப் பெண்ணை முதலில் அழைத்து, அவள் கையாலேயே முதல் வளையலைப் போடச் சொல்லுங்கள். பிள்ளை பெறுவது ஒன்றே பெண்ணின் யோக்கியதைக்கு அளவுகோல் என்ற எண்ணம் ஒழிகிற வரையில், நாம் பேசுகின்ற சுயமரியாதை ஆண்களின் சுயமரியாதையாகத்தான் இருக்கும்.