பிடுங்குவது இலவசம், கட்டுவது யாருக்கு?

தோழர்களே, பல் கட்டுவதை ‘அழகு’ சமாச்சாரம் என்று நம்மில் பலரே ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட நம் மக்களிடையே வேலை செய்யும் எங்களால் அப்படி ஒதுக்க முடியவில்லை. கடைவாய்ப் பல் இழந்த தூய்மைப் பணியாளர்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் தினமும் பார்க்கிறோம். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். கறியையும் கடலையையும் விட்டுவிட்டு, குழைந்த சோற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு பல் போனால் சேதம் அதோடு நிற்பதில்லை. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்கின்றன. எதிர்ப்பல் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் நீண்டுகொண்டே வருகிறது. ‘பிரிட்ஜ்’ என்பது இருபக்கப் பற்களையும் சீவி உறை போட்டு, அவற்றின் பலத்தில் நடுவே செயற்கைப் பல்லை நிறுத்துவது. ஒரு பல்லுக்கு மூன்று பல்லின் செலவு. தாம்பரம், குரோம்பேட்டை தனியார் கிளினிக்குகளில் அது பல ஆயிரம் ரூபாய். தள்ளிப்போட்டால் தாங்குவதற்குப் பக்கத்துப் பல்லும் மிஞ்சாது.

அரசு மருத்துவமனையில் பிடுங்குவது இலவசம், ஒரே நாளில் முடியும். வேர் சிகிச்சைக்குப் பல முறை அலைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். அரசு பல் மருத்துவக் கல்லூரியோ கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கிறது. “பிடுங்கிடுங்க டாக்டர்” என்று நம் அம்மாக்கள் சொல்வது அறியாமை அல்ல, கூலிக் கணக்கு.

தென்சென்னைப் புறநகரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கேம்ப் போட்டு, பஸ் வைத்து நம் மக்களை அழைத்துப் போகிறார்கள். மாணவர்கள் தொழில் பழக நம் வாய் வேண்டும். பல் கட்டும் கட்டம் வந்தால் மட்டும் லேப் செலவுக்கு நம் பையைப் பார்க்கிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. 2023-இல் வந்த ‘புன்னகை’ திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. உழைக்கும் வயதில் பல் இழந்தவர்கள் இடையில் விடுபடுகிறார்கள். கேரளத்தில் ‘மந்தஹாசம்’ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு அரசு செலவில் பல்செட் கிடைக்கிறது. இங்கே ஏன் முடியாது? பிரிட்ஜும் பல்செட்டும் காப்பீட்டுக்குள் வர வேண்டும். கூலி வேலை முடிந்து வருவோருக்காக, புறநகர் அரசு மருத்துவமனைகளில் மாலை நேரப் பல் சிகிச்சைப் பிரிவு வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஆண்டு எத்தனை பல் பிடுங்கினீர்கள், எத்தனை கட்டிக் கொடுத்தீர்கள்? இரண்டு கேள்வி போதும். அந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்!